நான்கு என்ற எண்ணின் வரலாறு: மேல்தொண்டைப் புற்றுநோய்க்கு நிலை வகுத்த கதை



இந்தக் கட்டுரை ஆங் மோ கியோவில் எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் தொடங்கியது. 2021ஆம் ஆண்டில் ஒருநாள் மாலை. எதிர்வீட்டுச் சீன அங்கிள் கல் மேசையருகே தனியாக உட்கார்ந்திருந்தார். கையில் ஒரு கோப்பு. என்னை அவர் எப்போதும் மலாய் வழக்கப்படி "சிகு" என்றுதான் கூப்பிடுவார். தமிழ் வாத்தியார் என்றாலும் அவருக்கு நான் சிகுதான். கோப்பிலிருந்த தாளை நீட்டி, ஒரு வரியை விரலால் தொட்டுக் காட்டினார். "நான்கு ஏ" என்று ரோமன் எழுத்தில் இருந்தது.

"சிகு, நாலுன்னா முடிஞ்சுபோச்சுன்னுதானே அர்த்தம்?"

ஹொக்கியன் பேசும் வீடுகளில் நான்கு என்ற எண்ணுக்கு ஏற்கெனவே நல்ல பெயர் கிடையாது. அந்த எண்ணின் ஒலி சாவைக் குறிக்கும் சொல்லின் ஒலியைப் போன்றே இருக்கும். அதோடு "நிலை" என்ற சொல்லும் சேர்ந்தால் கேட்கவா வேண்டும்? மருத்துவர் எவ்வளவோ விளக்கியிருக்கிறார். வீட்டார் காதில் விழுந்தது அந்த ஒரே ஒரு எண் மட்டும்தான். மேற்கொண்டு சிகிச்சை வேண்டுமா என்றுகூட அங்கிள் யோசிக்கத் தொடங்கிவிட்டார்.

நான் மருத்துவன் அல்லன். "டாக்டர்கிட்ட இதே கேள்விய கேளுங்க அங்கிள், அவங்க பதில் சொல்லாம விடாதீங்க" என்று மட்டும் சொன்னேன். ஆனால் அந்த எண் என்னை விடவில்லை. அதை யார் வகுத்தார்கள்? எப்போது? எதற்காக? தேடிப் படிக்கப் படிக்க, அது நம் ஊரையும் தொட்டுச் செல்லும் நல்ல வரலாற்றுப் பாடம் என்று தெரிந்தது. அதில் முக்கியமான பங்கு ஒரு தமிழருக்கும் உண்டு.

மறைந்திருக்கும் இடம்

மூக்குத் துவாரங்கள் பின்பக்கம் போய் முடியும் இடத்தில், உள்நாக்குக்கு மேலே, மண்டையோட்டின் அடிப்பகுதிக்குக் கீழே ஒரு சிறிய அறை போன்ற பகுதி இருக்கிறது. அதுதான் மேல்தொண்டை. மூக்குத்தொண்டை என்றும் சொல்வார்கள். அங்கே தோன்றும் புற்றுநோய் பெரும்பாலும் பக்கவாட்டில் உள்ள ஒரு குழியில் தொடங்குகிறது. ஜெர்மானிய உடற்கூற்றியலாளர் ரோசன்மியூலரின் பெயரால் அந்தக் குழியை அழைக்கிறார்கள்.

வாயைத் திறந்து கண்ணாடியில் பார்த்தால் அந்த இடம் தெரியாது. வலியும் முதலில் இருக்காது. காதுக்குப் போகும் குழாய் அங்கேதான் திறப்பதால் ஒரு காது மட்டும் அடைத்துக்கொள்ளும். சளியில் இரத்தக் கோடு தெரியலாம். பலர் மருத்துவரிடம் போவது கழுத்தில் கட்டி தட்டுப்பட்ட பிறகுதான். நோய் மேல்நோக்கிப் பரவினால் மண்டையோட்டு எலும்பையும் மூளையிலிருந்து வரும் நரம்புகளையும் தொடும். அப்போது பொருள்கள் இரண்டிரண்டாகத் தெரியும். அங்கிளுக்கும் ஆறு மாதமாக இடது காது அடைப்பு இருந்தது. நீர் புகுந்திருக்கும் என்று நினைத்து விட்டுவிட்டார். கழுத்தெலும்புக்குச் சற்று மேலே கட்டி வந்த பிறகுதான் போனார்.

இந்த நோய் உலகெங்கும் ஒரே அளவில் இல்லை. தென்சீனாவிலும் தென்கிழக்காசியாவிலும் அதிகம், ஐரோப்பாவில் அரிது. இந்தியாவில் பொதுவாகக் குறைவு. ஆனால் நாகாலாந்து போன்ற வடகிழக்குப் பகுதிகளில் அதிகம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கதையின் பாதி இதிலிருந்துதான் வருகிறது.

அளவுகோல் பிறந்த கதை

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரேடியமும் எக்ஸ் கதிரும் சிகிச்சைக்கு வந்தன. ஒவ்வொரு மருத்துவமனையும் "எங்கள் முறைதான் சிறந்தது" என்றது. ஒருவர் ஆரம்பநிலை நோயாளிகளையே சேர்த்துக்கொண்டு நூற்றுக்கு அறுபது பேரைக் காப்பாற்றினேன் என்கிறார். இன்னொருவர் முற்றிய நோயாளிகளையும் சேர்த்து முப்பது என்கிறார். யார் சிறந்தவர்? எளிய தேர்வு எழுதிய வகுப்பையும் கடினமான தேர்வு எழுதிய வகுப்பையும் மதிப்பெண்ணை மட்டும் வைத்து ஒப்பிடுவதுபோல்தான் இது.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்க, நாடுகளின் சங்கத்தின் சுகாதார அமைப்பு 1929இல் கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கு ஒரு நிலை வரிசையை வெளியிட்டது. எல்லா உறுப்புகளுக்கும் பொருந்தும் முறையைத் தந்தவர் பிரெஞ்சு அறுவை மருத்துவர் பியேர் தெனுவா. 1943க்கும் 1952க்கும் இடையில் அவர் உருவாக்கியதுதான் டி.என்.எம். முறை. கேட்பவை மூன்றே கேள்விகள்:

டி: தோன்றிய இடத்தில் கட்டி எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது?
என்: கழுத்து போன்ற இடங்களிலுள்ள நிணநீர் முடிச்சுகளுக்குப் போயிருக்கிறதா?
எம்: நுரையீரல், எலும்பு, கல்லீரல் என்று தொலைவான உறுப்புகளுக்குப் போய்விட்டதா?

மூன்று விடைகளையும் சேர்த்துத்தான் ஒன்று முதல் நான்கு வரை நிலை எண் தரப்படுகிறது. அனைத்துலகப் புற்றுநோய்த் தடுப்பு ஒன்றியம் 1968இல் இதைக் கையடக்க நூலாக வெளியிட்டது. அமெரிக்கர்கள் 1959இல் தனியாக ஒரு கூட்டுக்குழு அமைத்துத் தங்கள் வரிசையை வளர்த்தார்கள்.

ஹாங்காங் சொன்ன மாற்றுக் கருத்து

மேற்கே வகுத்த வரிசையில், கழுத்துக் கட்டிக்கு அதன் அளவும் எண்ணிக்கையும்தான் கணக்கு. வாய், குரல்வளைப் புற்றுநோய்களுக்கு அது பொருந்தியது. மேல்தொண்டைக்குப் பொருந்தவில்லை. இதைச் சொன்னவர் ஹாங்காங்கின் குவீன் எலிசபெத் மருத்துவமனையைச் சேர்ந்த கதிரியக்க மருத்துவர் ஜான் ஹோ. ஐரோப்பிய மருத்துவர்கள் அரிதாகவே பார்த்த நோயை அவர் அன்றாடம் பார்த்துவந்தார்.

கட்டி எவ்வளவு பெரியது என்பதைவிட, அது கழுத்தில் எவ்வளவு கீழே இறங்கியிருக்கிறது என்பதே நோயாளியின் எதிர்காலத்தைச் சொல்கிறது என்று ஹோ கண்டார். கழுத்தை மேல், நடு, கீழ் என மூன்றாகப் பிரித்தார். கழுத்தெலும்பின் இரு முனைகளையும், கழுத்தும் தோளும் சேரும் புள்ளியையும் இணைத்தால் வரும் முக்கோணம்தான் கீழ்ப்பகுதி. அதில் கட்டி இருந்தால் நான்காம் நிலை. தொலைவுறுப்புக்குப் பரவினால் ஐந்தாம் நிலை. ஆம், அவருடைய வரிசையில் ஐந்து நிலைகள். 1970களில் வெளியான இந்த முறை ஆசியாவில் பரவியது. சீனாவும் 1992இல் தனக்கென ஒரு வரிசை வகுத்தது.

நல்ல முறைதான். ஆனால் பழைய சிக்கல் புதிய வடிவில் திரும்பி வந்தது. ஹாங்காங்கின் நான்கும் அமெரிக்காவின் நான்கும் ஒன்றல்ல!

சிங்கப்பூரில் ஒரு தமிழரின் பேரேடு

இந்த இடத்தில்தான் நம் ஊர் கதைக்குள் வருகிறது. பேராசிரியர் கனகரத்தினம் சண்முகரத்தினம் (1921–2018) இலங்கைத் தமிழ் மரபில் வந்தவர். சிங்கப்பூரில் நோயியல் துறையின் தந்தை என்று போற்றப்படுகிறவர். இன்றைய அதிபர் தர்மன் சண்முகரத்னத்தின் தந்தை என்று சொன்னால் மாணவர்களுக்கு உடனே புரியும். ஆனால் மகனின் பெயரைக் கொண்டு அறிமுகம் செய்ய வேண்டிய மனிதர் அல்லர் அவர்.

நோயியலாளர் பெரும்பாலும் நோயாளியைப் பார்ப்பதில்லை. உடலிலிருந்து எடுத்த சிறு திசுத் துணுக்கை நுண்ணோக்கியில் பார்த்து, இது இன்ன நோய் என்று சொல்வதே அவர் வேலை. சண்முகரத்தினம் அத்தோடு நிற்கவில்லை. இந்த நோய் யாருக்கு வருகிறது, எத்தனை பேருக்கு வருகிறது என்றும் கேட்டார்.

அதற்குச் சிங்கப்பூரைவிட நல்ல இடம் கிடைக்குமா? ஒரே தீவு. ஒரே காற்று, ஒரே தண்ணீர். அதில் சீனர், மலாய்க்காரர், இந்தியர். சீனருக்குள்ளேயே ஹொக்கியன், தியோச்சியூ, கான்டனீஸ் என்று பல வழக்கினர். எண்ணிப் பார்த்தபோது கான்டனீஸ் மக்களிடம் இந்த நோய் மற்றவர்களைவிட அதிகமாக இருந்தது. இந்தியரிடம் மிகக் குறைவு. பரம்பரை, உணவு, கிருமி என்று காரணங்களைத் தேட இந்த வேறுபாடுதான் வழிகாட்டியது.

1964இல் மேல்தொண்டைப் புற்றுநோய் குறித்த அனைத்துலகக் கருத்தரங்கு ஒன்று சிங்கப்பூரில் நடந்தது. அதன் கட்டுரைகளை அவரும் உடன் பணியாற்றிய கேலம் மியூரும் தொகுக்க, 1967இல் நூலாக வந்தது. அடுத்து அவர் செய்ததுதான் பெரிய காரியம். பல்கலைக்கழகத்தின் நோயியல் துறையிலேயே சிங்கப்பூர்ப் புற்றுநோய்ப் பதிவேட்டைத் தொடங்கினார். 1968 ஜனவரி 1 முதல் நாடு முழுவதிலும் கண்டறியப்படும் புற்றுநோய்கள் அதில் ஏறின. அப்போது கட்டாயச் சட்டம் எதுவும் இல்லை. மருத்துவர்கள் தாமாகவே தகவல் தந்தார்கள். திசுப் பரிசோதனை அறிக்கைகளும் இறப்புச் சான்றிதழ்களும் கைகொடுத்தன. தேசிய நோய்ப் பதிவேட்டுச் சட்டம் வந்தது 2007இல்தான். அதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே வேலை நடந்துகொண்டிருந்தது.

பதிவேடு எழுதுவது பெயர் வாங்கித் தரும் வேலை இல்லை. வருகைப் பதிவேடு வைக்கும் நமக்கு அது தெரியும். ஒருநாள் வருகையைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஆண்டு முழுவதும் பார்த்தால் ஒரு பிள்ளையின் கதை தெரியும். அதுபோல, சிங்கப்பூரில் இந்த நோய் கடந்த சில பத்தாண்டுகளாகக் குறைந்து வருகிறது என்று இன்று உறுதியாகச் சொல்ல முடிவது அந்தப் பேரேட்டால்தான்.

1978இல் உலகச் சுகாதார நிறுவனம் வெளியிட்ட மேல்மூச்சுப் பாதைக் கட்டிகளின் வகைப்பாட்டு நூலை அவர் லெஸ்லி சோபினுடன் இணைந்து எழுதினார். மேல்தொண்டைப் புற்றுநோயைத் திசுவின் தோற்றத்தை வைத்து மூன்று வகையாக அது பிரித்தது. நகமும் தோலும் கெட்டிப்படக் காரணமான கெரட்டின் என்ற புரதம் தெரிகிற வகை ஒன்று. அது தெரியாத வகைகள் இரண்டு. தென்கிழக்காசியாவில் பெரும்பாலும் காண்பது கெரட்டின் இல்லாத வகை. கதிர்வீச்சுக்கு அது நன்றாகவே கட்டுப்படும்.

இங்கே மாணவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். "வகை" வேறு, "நிலை" வேறு. நோய் எப்படிப்பட்டது என்று வகை சொல்கிறது. எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று நிலை சொல்கிறது. ஒப்பிட வேண்டுமானால் இரண்டும் ஒத்திருக்க வேண்டும். அது வெறும் ஏட்டு நியாயம் இல்லை என்பதை அடுத்து நடந்தது காட்டியது.

1997: ஒரே அளவுகோல்

1997இல் அனைத்துலக ஒன்றியமும் அமெரிக்கக் கூட்டுக்குழுவும் வெளியிட்ட ஐந்தாம் பதிப்பில் மேல்தொண்டைக்குத் தனி வரிசை வந்தது. அளவையும் பக்கத்தையும் மேற்கு தந்தது; கழுத்தெலும்பு முக்கோணத்தை ஹோ தந்தார். கிழக்கும் மேற்கும் ஒரே தாளில் கையெழுத்துப் போட்ட மாதிரி.

அடுத்த ஆண்டே அதற்குச் சோதனை வந்தது. கதிர்வீச்சோடு வேதிமருந்தும் சேர்த்துக் கொடுத்தால் மூன்றாண்டு உயிர்வாழ்வு 47 விழுக்காட்டிலிருந்து 78 விழுக்காடாகக் கூடுகிறது என்று 1998இல் ஓர் அமெரிக்க ஆய்வு அறிவித்தது. ஆசிய மருத்துவர்கள் தயங்கினார்கள். அந்த ஆய்வில் கெரட்டின் வகை நோயாளிகள் கணிசமாக இருந்தார்கள். கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களின் 47 விழுக்காடும் ஆசிய அனுபவத்தைவிட மிகக் குறைவு. "அங்கே பலித்தது இங்கே பலிக்குமா?" என்பது நியாயமான கேள்வி.

பதிலைச் சிங்கப்பூரே தேடியது. ஜோசப் வீ தலைமையிலான குழு மூன்றாம், நான்காம் நிலையில் இருந்த 221 பேரைக் கொண்டு ஆய்வு செய்து 2005இல் முடிவை வெளியிட்டது. கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களில் மூன்றாண்டு உயிர்வாழ்வு 65 விழுக்காடு. மருந்தும் சேர்த்துப் பெற்றவர்களில் 80 விழுக்காடு. நம் வட்டாரத்து வகை நோய்க்கும் கூட்டுச் சிகிச்சை பயன் தருகிறது என்று உறுதியானது. நோயின் வகைக்கு 1978இலும் நிலைக்கு 1997இலும் பொதுவான பெயர்கள் கிடைத்திருக்காவிட்டால், இந்த ஒப்பீட்டை யார் நம்பியிருப்பார்கள்?

சராசரி செய்யும் மாயம்

அளவுகோல் மாறும்போது ஒரு வினோதம் நடக்கும். வகுப்பில் செய்து காட்டலாம். முதல் வகுப்பில் மூன்று பேர்: 90, 80, 40. சராசரி 70. இரண்டாம் வகுப்பில் மூன்று பேர்: 30, 20, 10. சராசரி 20. இப்போது 40 வாங்கிய பிள்ளையை இரண்டாம் வகுப்புக்கு மாற்றுங்கள். முதல் வகுப்பின் சராசரி 85 ஆகிவிடும். இரண்டாம் வகுப்பின் சராசரி 25. இரண்டுமே கூடிவிட்டன. ஆனால் யாரும் ஒரு மதிப்பெண்கூடக் கூடுதலாக வாங்கவில்லை!

புற்றுநோய்க் கணக்கிலும் இதுவே நடக்கும் என்று அமெரிக்க மருத்துவர் ஆல்வன் ஃபைன்ஸ்டீனும் உடனாய்வாளர்களும் 1985இல் எடுத்துக்காட்டினார்கள். 1970களில் கணினிவழி ஊடுகதிர்ப் படமும் பின்னர் காந்த அதிர்வுப் படமும் வந்தன. முன்பு கண்ணுக்குத் தெரியாத பரவல் தெரியத் தொடங்கியது. இரண்டாம் நிலை என்று கருதப்பட்டிருக்கக்கூடிய சிலர் மூன்றாம் நிலைக்கு மாறினார்கள். இரு நிலைகளின் சராசரியும் உயர்ந்தது. உண்மையான முன்னேற்றம் எது, எண் இடம்மாறியதால் வந்த தோற்றம் எது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். ஆதாரத்தை மதிப்பிடுக என்று தேர்வில் கேட்பது இதைத்தானே!

ஒரே மனிதர், நான்கு பெயர்

அதன் பிறகும் அளவுகோல் மாறிக்கொண்டுதான் இருக்கிறது. 2010 வாக்கில் ஏழாம் பதிப்பு. அடுத்து வந்த எட்டாம் பதிப்பு, கழுத்தெலும்பு முக்கோணத்தை விட்டுவிட்டு, படத்தில் தெளிவாகத் தெரியும் குரல்வளைக் குருத்தெலும்பு ஒன்றின் கீழ் விளிம்பை எல்லையாக வைத்தது. அமெரிக்கக் கூட்டுக்குழுவின் ஒன்பதாம் பதிப்பு 2025 முதல் நடப்பில் இருக்கிறது.

இப்போது அங்கிளின் தாளுக்கு வருவோம். அவருடைய கட்டி கழுத்தெலும்புக்குச் சற்று மேலே இருந்தது. தொலைவான உறுப்பு எதிலும் நோய் இல்லை. அவருக்கு எந்தக் காலத்தில் என்ன எண் கிடைத்திருக்கும்?

ஹோவின் வரிசையில்: ஐந்து நிலைகளில் நான்காவது.
1997 வரிசையில்: நான்கு பி.
எட்டாம் பதிப்பில்: நான்கு ஏ.
ஒன்பதாம் பதிப்பில்: மூன்று.

உடல் ஒன்று, நோய் ஒன்று. எண் மட்டும் நான்கு விதம். இன்னொன்றையும் பாருங்கள். ஒன்பதாம் பதிப்பில் "நான்கு ஏ" என்றால் தொலைவான உறுப்புகளில் மூன்று இடங்களுக்கு மேல் போகாத பரவல். எட்டாம் பதிப்பில் அதே "நான்கு ஏ" என்றால் தொலைவுப் பரவலே இல்லை! ஆண்டைப் பார்க்காமல் எண்ணை மட்டும் படித்தால் எவ்வளவு பெரிய தவறு நேரும்?

மாற்றியது ஆறுதல் சொல்வதற்காக அல்ல. சிகிச்சை முன்னேறியதால், தொலைவுக்குப் பரவாத நோயைப் பெரும்பாலும் குணப்படுத்தும் நோக்கோடுதான் அணுகுகிறார்கள். அவர்களைப் பரவியவர்களோடு ஒரே எண்ணில் வைப்பது உண்மைக்குப் பொருந்தவில்லை. அதனால்தான் நான்கு என்ற எண்ணைத் தொலைவுப் பரவலுக்கு மட்டும் ஒதுக்கினார்கள்.

எண் சிறியதாக இருக்கும்போதே பிடித்துவிட முடியுமா? 1964இல் ஆண்டனி எப்ஸ்டீன், பெர்ட் அச்சாங், இவோன் பார் ஆகியோர் நுண்ணோக்கியில் கண்ட வைரசுக்கும் இந்த நோய்க்கும் தொடர்பு இருப்பதற்கான முதல் தடயம் 1966இல் கிடைத்தது. அந்த வைரசின் மரபணுத் துணுக்கை இரத்தத்தில் தேடும் சோதனையை ஹாங்காங்கில் 20,174 ஆண்களுக்குச் செய்து 2017இல் முடிவை வெளியிட்டார்கள். அதில் 34 பேருக்கு நோய் கண்டறியப்பட்டது. அவர்களில் 71 விழுக்காட்டினர் முதல் அல்லது இரண்டாம் நிலையில் இருந்தார்கள். சோதனை இல்லாத முந்தைய காலத்தில் அது 20 விழுக்காடுதான்.

முடிவாக

அங்கிள் மறுவாரமே மருத்துவரிடம் அந்தக் கேள்வியைக் கேட்டார். "நான்கு என்றால் முடிவா?" "இல்லை. குணப்படுத்தத்தான் சிகிச்சை தருகிறோம்" என்றாராம் மருத்துவர். ஏழு வாரம், வாரத்துக்கு ஐந்து நாள், கதிர்வீச்சு. இடையிடையே மருந்து. சாப்பிட முடியாமல் மெலிந்து போனார். இன்றும் வாய் உலர்ந்துகொண்டே இருக்கும் என்பதால் தண்ணீர்ப் புட்டி இல்லாமல் கீழே இறங்குவதில்லை. ஆனால் இறங்குகிறார். சென்ற மாதம் அவரிடம் "அங்கிள், இப்போ உங்க மாதிரி ஆளுக்கு மூணாம் நிலைன்னுதான் போடுறாங்களாம்" என்றேன். கொஞ்சநேரம் யோசித்தார். "அப்ப, அன்னிக்கு நான் பயந்தது ஒரு நம்பருக்கா, சிகு?" என்று கேட்டுச் சிரித்தார்.

எண்ணுக்குத்தான். ஆனால் அந்த எண் பொய்யில்லை. அதைப் படிக்கும் முறை அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. தெனுவா, ஹோ, சண்முகரத்தினம் போன்றோர் பல்லாண்டு எண்ணி எழுதியதெல்லாம் அந்தத் தாளின் ஒற்றை வரிக்குள் இருந்தது. யார் வகுத்தது, எந்த ஆண்டில், எதை எதோடு ஒப்பிட என்று கேட்டுப் படிக்க நம் மாணவர்களைப் பழக்குவோம். தேர்வுக்கும் உதவும். என்றாவது ஒருநாள் வீட்டில் இப்படி ஒரு தாள் வந்தால், அப்போதும் உதவும்.

வகுப்பறைக்கு: சிந்தனை வினாக்கள்

1. "வகை", "நிலை" இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை எடுத்துக்காட்டுடன் விளக்குக.
2. சிங்கப்பூரின் பல்லின மக்கள்தொகை இந்நோயின் ஆய்வுக்கு எவ்வாறு உதவியது?
3. 1998 அமெரிக்க ஆய்வின் முடிவை ஆசிய மருத்துவர்கள் அப்படியே ஏற்காதது சரியா? இரண்டு காரணங்கள் தருக.
4. ஒரு மருத்துவமனையின் 1975ஆம் ஆண்டு அறிக்கையையும் 1995ஆம் ஆண்டு அறிக்கையையும் ஒப்பிடும்போது நீங்கள் முதலில் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள் யாவை?
5. செயல்பாடு: சராசரிக் கணக்கை உங்கள் வகுப்பு மதிப்பெண்களைக் கொண்டு செய்து பாருங்கள். எந்த மாணவரை மாற்றினால் இரு சராசரிகளும் கூடும்? ஏன்?